சுவருக்கு வெளியே நின்று ஏற்றிய கேஸ்

ஸஜாத்துக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கத்தாரில் ஏசி திருத்திப் பழகிய கை. ஆனால் சாய்ந்தமருதில் பெண்ணெடுத்த வீட்டுக்கு வந்த பிறகு, கையை விட வாய் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. மாமனார் முத்தலிப் பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

மனைவி றினோஸாவின் மூத்த சகோதரி ஸுல்பிகா ராத்தா, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா இருந்தாள். புருஷன் முபீன் நெஞ்சுவலியில் மௌத்தானதிலிருந்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள்ளேயே இருந்தாள். வெளியே கச்சான் காற்று அனலாக வீசியது. அந்த நேரம் பார்த்து அறை ஏசி குளிரை நிறுத்திவிட்டது.

"ராத்தாவக் கொஞ்சம் மற்ற அறைக்கு வரச் சொல்றன். நீங்க உள்ளுக்குப் போய்ப் பாருங்க," என்றாள் றினோஸா.

இத்தா இருப்பவளை எழுப்புவதா என்று ஸஜாத் கூசினான். கூச்சம் பாதி, திமிர் பாதி.

"தேவல்ல. எனக்கு வெளிய நிண்டே விளங்கும்."

வெளியில் இருந்த இயந்திரத்தில் அழுத்தமானியைப் பூட்டினான். முள் இறங்கிக் கிடந்தது. "கேஸ் இல்ல மாமா," என்று சிலிண்டரைத் திறந்தான். தராசில் வைத்து நிறை பார்த்து ஏற்ற வேண்டியதை, முள்ளைப் பார்த்தே ஏற்றினான். குளிர் வரவில்லை. இன்னும் ஏற்றினான். இயந்திரம் உறுமிவிட்டு நின்றுபோனது.

"என்ன மாப்பிள்ள?" என்றார் முத்தலிப்.

அங்கேதான் வாய் முந்தியது. "கொம்பிரசர் போயிட்டு மாமா. இது மட்டமான சாமான். வாங்கின ஆள நல்லா ஏமாத்தி இரிக்கானுகள்."

வாங்கின ஆள் முபீன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஓதிக்கொண்டிருந்த ஸுல்பிகாவின் குரல் சட்டென்று நின்றது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். றினோஸா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ராத்தாவிடம் போனாள். போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தாள்.

"உள்ளுக்கு இரிக்கிற மிசினால தண்ணி கொட்டுது! ஐஸ் கட்டியா விழுகுது!"

ஸஜாத்துக்கு அப்போதுதான் விளங்கியது. உள் இயந்திரத்தின் பில்டர் தூசியால் அடைத்தால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் உள்ளே ஐஸ் கட்டும், முள்ளும் கேஸ் குறைந்ததுபோல இறங்கிக் காட்டும். தொழில் பழகுகிற எவனுக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. இருந்த கேஸுக்கு மேல் ஏற்றி, நல்ல இயந்திரத்தைத் திணறடித்தவன் இவன்தான்.

இந்தத் தரம் அனுமதி கேட்டான். ஸுல்பிகா அடுத்த அறைத் திரைக்குப் பின்னால் போனாள். அவன் உள்ளே போய் மூடியைத் திறந்தான். பில்டரில் தூசு கம்பளிபோலப் படிந்திருந்தது.

"அத முபீன் மச்சான்தான் கழுவுவாரு," என்றாள் றினோஸா மெதுவாக. "அவருக்குப் பிறகு ஒருத்தரும் தொடல்ல."

ஸஜாத் தலை குனிந்தான். கழுவிப் பூட்டி, கூடின கேஸை எடுத்துவிட்டால் இயந்திரம் ஓடும். கொம்பிரசரைத் திருத்திவிட்டேன் என்று சொன்னால் மாமனாரிடம் பெயரும் கூடும். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவனுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"தம்பி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "அவரு மெய்யாவே ஏமாந்துதான் போனாரா? நாலு இடத்துல விசாரிச்சுத்தான் வாங்கினாரு."

"இல்ல மச்சி," என்று மைத்துனியிடம் முணுமுணுத்தான். "நல்ல சாமான்தான். பிழை எனக்கிட்ட."

திரைக்குப் பின்னாலிருந்து ஸுல்பிகா சொன்னாள்:

"ஏமாந்திட்டாரு எண்டு சொல்லக்குள்ள வாப்பாக்குக் கேட்டிச்சி தம்பி. இதையும் வாப்பாக்குக் கேக்கச் சொல்லுங்க."

வாப்பா முத்தலிப் முற்றத்தில்தான் நின்றார். ஸஜாத் ஈர பில்டரோடு வாசலுக்குப் போனான். முதல் தரம் சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னான்.