கண்ணாடிக்குள் வேறொருத்தி

மீன் விற்ற பெத்தாங்குக்குச் செத்த பிறகுதான் வெள்ளைத் தோல் வாய்த்தது.

பிணத்துக்கு ஒப்பனை செய்கிறவர்கள் வீட்டாரிடம் ஒரு நல்ல போட்டோ கேட்பது மீன்பிடி ஊரான எங்கள் நவோட்டாஸில் வழக்கம். அதைப் பார்த்து முகத்தைச் சரிசெய்வார்கள். அதையே பெரிதாக அச்சடித்து வாசலில் பேனராகக் கட்டுவார்கள். பெத்தாங்கின் தங்கை லோரிங் போட்டோவுக்காக அக்காவின் போனைத் துழாவினாள். அதில் எத்தனையோ பெத்தாங்குகள் இருந்தார்கள். ஒருத்திகூடச் சந்தையில் என் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து மீன் வெட்டியவள் இல்லை. எல்லாம் போனில் இருக்கும் அந்த அழகுச் செயலியின் வேலை. தொட்டால் போதும், தோல் வெளுக்கும், தாடை மெலியும், மூக்கு எடுப்பாகும். ஒப்பனைக்காரன் டோடிட் தொழிலில் சுத்தமானவன். லோரிங் கொடுத்த போட்டோவில் என்ன இருந்ததோ அதை அப்படியே பிணத்தின் மேல் கொண்டுவந்துவிட்டான்.

மீன் ஏலக்காரர் வந்து சவப்பெட்டியை எட்டிப் பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார். பேனரில் பெயரைப் படித்த பிறகு தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"என்ன வெள்ளை பாருடி, சினிமாக்காரி மாதிரி இருக்கா" என்றாள் சந்தைக்காரி ஒருத்தி.

"உயிரோட இருக்கும்போதே இப்படி இருந்திருந்தா புருஷன் ஓடியிருப்பானா?" என்றாள் இன்னொருத்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? டிவியில் ஒரு நடிகை தோலை வெளுக்க வைக்கும் பப்பாளி சோப்பைக் கன்னத்தில் வைத்துச் சிரித்தால், அடுத்த வாரம் சந்தையில் பாதிப் பேர் கன்னம் தோலுரிந்து நிற்போம். நானும்தான். நாள் முழுக்க வெயிலில் உட்காருகிறவளிடம், வெயிலே படாதவளின் தோலைக் காட்டி ஆசை மூட்டுகிறார்கள். நாங்களும் வாங்கித் தேய்த்துக்கொண்டே இருக்கிறோம், வெட்கம் கெட்டவர்கள்.

துபாயில் வீட்டு வேலை செய்யும் மகள் மரிவிக்குக்காகத்தான் அடக்கம் காத்திருந்தது. பல வருடம் கழித்து வருகிறாள். பயணப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நேராக உள்ளே வந்து, சவப்பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"அம்மா எங்க?"

"இதுதாண்டி கண்ணு. எவ்வளவு அழகா இருக்கா பாரு" என்றாள் லோரிங்.

"இது போன்ல வர்ற மூஞ்சி சித்தி. வீடியோல பேசும்போதெல்லாம் அந்தக் கருமத்த அணைச்சிட்டு உன் மூஞ்சியக் காட்டும்மான்னு கெஞ்சுவேன். 'இன்னிக்கு அசிங்கமா இருக்கேன், ஊருக்கு வரும்போது பாத்துக்கோ'ன்னு சொல்லும். நான் வந்துட்டேன். எனக்கு எங்கம்மா மூஞ்சியப் பாக்கணும்."

சாவு வீட்டில் விழித்திருப்பதற்காக மூலையில் நடந்த சீட்டாட்டம் நின்றது.

"கண்ணாடியத் திறங்க. துடைக்கணும்" என்றாள் மரிவிக்.

"பைத்தியமா உனக்கு? ஊரே பாராட்டிட்டுப் போயிருக்கு. துடைச்சா வாசல்ல ஒருத்தி, உள்ள ஒருத்தின்னு ஆயிடும். சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் லோரிங்.

"துடைச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல மேடம்" என்றான் டோடிட்.

வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்த காபிக் கெட்டிலை நான் கீழே வைத்தேன். "திறடா" என்றேன். என் குரலைக் கேட்டு அவன் திறந்துவிட்டான்.

மரிவிக் ஈரத்துணியால் துடைத்தாள். சவப்பெட்டியில் கண்ணீர் விழக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வதால் முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து துடைத்தாள். வெள்ளை உரிந்து உரிந்து துணியில் வந்தது. அடியில் மாநிறக் கன்னம், வெளுப்புக் க்ரீம் சுட்டுவிட்ட கரும்புள்ளிகள், மீன் முள் கிழித்த புருவத் தழும்பு. இவளோடுதான் நான் அத்தனை காலம் சண்டை போட்டேன், சிரித்தேன்.

வரிசையில் அடுத்து நின்ற சந்தைக்காரி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "ஐயோ பாவம், சாவு மூஞ்சிய எப்படிக் கெடுத்துடுச்சு பாரு. காலையில எவ்வளவு நல்லா இருந்தா."

மரிவிக் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் கரும்புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கிட்ட காட்டவாம்மா இத்தனை வருஷம் வெக்கப்பட்டே?"