படலையால் வந்தவள்

மேலைக் கடலில் பகலவன் சாய, ஊர்காவற்றுறையின் பழந்துறையை அடுத்த அந்தத் தெருவில் பனைகளின் நிழல் நீண்டு, பூட்டிக் கிடந்த வீடுகளின்மேல் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தது. வணிகரும் மாலுமிகளும் தோளுரச நடந்த தெரு, நல்லீர், இது! போர் வந்து எல்லோரையும் பெயர்த்தெறிந்தது. அயல்நாடுகளில் வேரூன்றியோர் பின்னாளில் பொருள் அனுப்பி உயர்ந்த மதில்களை எழுப்பினர். வந்து குடியிருக்கத்தான் மறந்துபோயினர். ஆதலால் அந்தியில் விளக்கெரிந்தவை இரண்டே வீடுகள். ஒன்று, கணவனைக் கடலுக்குக் கொடுத்த றஞ்சனியுடையது. மற்றது, மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்த கமலாதேவியுடையது.

இரு வளவுகளுக்கும் இடையே பனையோலை வேலி. அதில் ஓராள் குனிந்து நுழையுமளவு ஒரு பொட்டு. தெருவாசற் படலையால் வருபவர் விருந்தினர், பொட்டால் வருபவர் வீட்டார் என்பது அவ்வூர் வழக்கு. பொழுதுபடும் வேளையில் அதன்வழி நுழைந்து, கமலாதேவியின் அடுக்களை நிலத்தில் காலை நீட்டி அமர்ந்து, அவள் வார்க்கும் தேநீரைக் குடித்து, பேச ஏதுமில்லாத நாளிலும் எதையாவது பேசிவிட்டுப் போவதொன்றே றஞ்சனிக்கிருந்த துணை.

கனடாவிலிருந்த மகன் ஜெயரூபன் வேலியை நீக்கி மதிலெழுப்பச் சொன்னான். கட்டிக்கொண்டு வந்த கொத்தன் ஜெகதீஸ் பொட்டிருந்த இடத்தை எட்டியதும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அக்கா, இதில ஒரு வழி விடட்டோ?"

விடு என்றுதான் கமலாதேவியின் நெஞ்சு சொன்னது. ஆயினும், தனித்திருக்கும் றஞ்சனி தன் வளவுக்குக் காப்பு வேண்டுவாளோ என்றெண்ணி, அயலாளை நோக்கினாள்.

"நீர் என்ன சொல்லுறீர், றஞ்சனி?"

தன்பொருட்டுத் தாய் மகனோடு பிணங்க நேருமே என்று றஞ்சனி அஞ்சினாள்.

"எனக்கென்ன அக்கா, தம்பி சொன்ன மாதிரியே கட்டட்டும்."

மற்றவளுக்கு வழி வேண்டாமாக்கும் என்று இருவருமே எண்ணிக்கொண்டனர். பாழாய்ப்போன பெருந்தன்மை! ஒரு சொல் போதுமாயிருந்தது; அதற்கு இருவருக்கும் வாய் வரவில்லை. இருளுமுன் கல் அடுக்கி முடிந்தது.

மறுநாள் அந்தியில் றஞ்சனி தெருவால் சுற்றி வந்து இரும்புப் படலையைத் தட்டினாள். திறவுகோலோடு விரைந்து வந்த கமலாதேவி, அடுக்களைப் பக்கம் திரும்பாமல், முன்கூடத்தில் ஓர் இருக்கையை இழுத்துத் தூசி துடைத்தாள். எண்ணிச் செய்ததன்று, படலையால் வந்தோர்க்கு அவள் கை பழகியது அதுவே.

"கதிரையில இருங்கோ."

றஞ்சனி நுனியில் அமர்ந்தாள். தேநீர் தட்டில் வந்தது. குடித்ததும் எழுந்தாள்.

"நாளைக்கும் வாரும், என்ன?"

"ஓம் அக்கா. ஒருநாளைக்கு வாறன்."

அன்றும் அத்தெருவில் இரண்டு விளக்குகள் எரிந்தன. ஒன்றின் வெளிச்சம் மற்றதற்குத் தெரியவில்லை.