வருகிற போனுக்கும் காசு

மந்திரமூர்த்தியின் சட்டைப் பையில் செல்போன் அடித்தபோது, நயினார்குளம் மார்க்கெட்டில் வாழை இலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இலைக்கட்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்கள். வாங்கி இரண்டு மாதம் ஆகியும் அந்தச் சத்தத்துக்கு மவுசு குறையவில்லை. எதிர்க்கடையில் கொம்பையா மட்டும் தலையைத் தூக்கவில்லை. தூக்கவில்லையே தவிர, காது முழுக்க அங்கேதான் இருந்தது. மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்கரைக்கு ஓடினான். மார்க்கெட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கரையில் ஏறி, குளத்தைப் பார்த்து நின்றால்தான் பேச்சு தெளியும். "வைங்க, வைங்க, எனக்கு ரூவா ஓடுதுல்லா, நானே கூப்பிடுதேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு நேரே கொம்பையா கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு போன் பண்ணிக்கிடுதேன்."

"அடிக்கது ஒன் செல்லு, பேசுதது ஏம் போனு. நல்லா இருக்குலே ஒன் யாவாரம்" என்றார் கொம்பையா, கறுப்புப் போனை அவன் பக்கம் நகர்த்தியபடி.

மந்திரமூர்த்தி சிரித்தான். அந்தச் சிரிப்பு கொம்பையாவுக்கு அடிவயிற்றில் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? ஆறு வருஷம் எழுதிப் போட்டுக் காத்திருந்து, இலைக்கடை வரிசையிலேயே முதல் போன் வாங்கியவர் அவர். லயன்மேன் கம்பி இழுத்துவிட்டுப் போன அன்று போனுக்குக் கதம்பம் போட்டுச் சூடன் காட்டினார். அதன் பிறகு பத்து வருஷம், எந்த மண்டபத்தில் எந்த முகூர்த்தத்துக்கு எத்தனை கட்டு என்கிற சேதி எல்லாம் அவர் காதில் விழுந்துதான் மற்றவனுக்குப் போகும். மந்திரமூர்த்தியின் பில் புத்தகத்திலேயே பி.பி. என்று போட்டு, கூப்பிட்டுக் கொடுக்கிற நம்பராக இவர் நம்பர்தான் அச்சடித்திருந்தது. "ஏலே மந்திரம், ஒனக்குப் போனு" என்று கூவி, அவன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவதைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருந்தது. நடுவில் பேஜர் என்று ஒன்று வந்தது. அது கிர்ரென்றால் பதில் சொல்ல எல்லோரும் இவர் போனுக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதால் அதன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. இந்தச் செல்போன்தான் அவரை மூலையில் உட்கார வைத்துவிட்டது.

அதிலும் அவன் செய்த ஆடம்பரம் இருக்கிறதே! வெளியூருக்கு ஏறுகிற ஒவ்வொரு இலைக்கட்டிலும் பெயரும் செல் நம்பரும் அச்சடித்த அட்டை. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிற லாரி டிரைவர்கள் கையில் தனியாகப் பத்துப் பத்து அட்டை. "மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இத்தனை அட்டை அடிக்க மாட்டாவ" என்று கொம்பையா சொல்ல, மார்க்கெட்டே சிரித்தது. அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வருகிற போனுக்கும் நிமிஷத்துக்கு எட்டு ரூபாய் என்று மந்திரமூர்த்தி வாயாலேயே நூறு தடவை கேட்டாயிற்று. அந்த எட்டு ரூபாய்தான் ஒரு நாள் கொம்பையாவின் மண்டைக்குள் புகுந்துகொண்டது. தெருமுனையில் முகம்மது சுல்தானின் பெட்டிக்கடையில் ஒற்றை ரூபாய் போடுகிற காயின் போன் மாட்டியிருந்தது. அங்கே நின்றால் குளத்துக்கரை தெரியும். கரையில் நிற்கிறவன் குளத்தைப் பார்த்து நிற்பதால் இங்கே நிற்கிறவனைப் பார்க்க மாட்டான். கூப்பிடுகிறவன் நம்பர் அந்தச் செல்லில் விழாது என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாள் நாலு மணிக்கு, லோடு ஏறி மார்க்கெட் ஓய்ந்த நேரத்தில், கொம்பையா ஒரு ரூபாயைப் போட்டு எண்களை அமுக்கினார்.

"கடையிலதான் போன் கெடக்கே அண்ணாச்சி?" என்றார் சுல்தான்.

"கடையில வச்சுப் பேச முடியாத விசயம் பாய்."

சுல்தான் வேறு எதையோ புரிந்துகொண்டு பாக்குப் பொட்டலம் மடிப்பதில் மும்முரமானார்.

"அலோ... அலோ, யாரு பேசுததுன்னு சொல்லுங்க." கொம்பையா மூச்சு விடவில்லை. கரையில் மந்திரமூர்த்தி செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தான். இருபது ரூபாயாவது போயிருக்கும். அன்று இரவு கொம்பையா இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

மூன்று நாள் இப்படியே நடந்தது. நாலாவது நாள் மந்திரமூர்த்தி "யாரு" என்று கேட்கவில்லை. செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டான். பிறகு குரல் இறங்கியது.

"சங்கிலி? நீதானலே?"

சங்கிலிபூதத்தான், மந்திரமூர்த்தியின் ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லோடு இலை வெயிலில் கிடந்து வாடிப்போனதற்காக அப்பன் அவனை மார்க்கெட் நடுவில் வைத்துச் செருப்பால் அடித்தான். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனவன்தான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

"பேச வேண்டாம்லே. வச்சிராத, அது போதும். அண்ணாச்சி கடை போனுக்குப் பண்ண ஒனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவுக எடுத்து, யாரு, எங்கன இருக்க, என்ன சோலின்னு எல்லாங் கேட்டுட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாவ. அதாம்லே இந்தச் சனியன வாங்குனேன். கட்டுக்குக் கட்டு நம்பரு ஒட்டி அனுப்புனேன். நீ ஏதாவது ஓட்டல்லதான இருப்ப, ஒங்கண்ணுல படாமயா போயிரும்னு..."

மூன்று நிமிஷம் முடிந்து போன் அறுந்தது. கொம்பையா ரிசீவரை மாட்டிவிட்டு, வெற்றிலை வாங்குகிறவர் போலச் சற்று நேரம் அங்கேயே நின்றார். இத்துடன் தலைமுழுக வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த மூன்று நாளும் மந்திரமூர்த்தி நாலு மணிக்குக் கரையில் ஏறி, இருட்டும் வரை செல்லைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். இலை கேட்டு எவனாவது கூப்பிட்டால், "லயனை அடைக்காதிய வே" என்று எரிந்து விழுந்தான். ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குப் போயிற்று. நாலாம் நாள் கொம்பையா சுல்தானிடம் ஒரு ரூபாய்ச் சில்லறை கேட்டார்.

பாவம் பார்த்துத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதிப் பொய். அவருக்கும் மெட்ராஸில் பாங்கு வேலையில் ஒரு மகன் இருந்தான், செல்வமணி. ஞாயிறு தவறாமல் போன் செய்வான். "வேற ஒண்ணும் இல்லைல்லாப்பா? வைக்கட்டுமா?" என்பதுதான் அவன் பேச்சில் பெரும்பாதி. இவரும் "ஒண்ணுமில்லடே" என்று வைத்துவிடுவார். இங்கேயோ, நிமிஷத்துக்கு எட்டு ரூபாய் கொடுத்து ஒருவன் ஆற்றில் தண்ணீர் வந்ததையும், வெள்ளைப் பசு கன்று போட்டதையும், அம்மைக்கு முட்டுவலி தேவலை என்பதையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ரூபாய் ஓடுகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. செருப்படி வாங்கி ஓடிப்போன ஒரு பயலுக்கு இவ்வளவா? செல்போனைப் பார்த்து வந்த எரிச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஊரில் இல்லாத அந்தப் பையன்மேல் கொம்பையாவுக்கு மனசார வயிற்றெரிச்சல் வந்தது. வந்தாலும் மறுநாள் மூன்றரைக்கே ஒரு ரூபாயை மடியில் செருகிக்கொண்டு தயாராக இருந்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஐப்பசி பிறந்து மேகம் கட்டி நின்ற ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு எண்களை அமுக்கினால் எங்கேஜ்டு சத்தம் வந்தது. வைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் எங்கேஜ்டு. இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் மந்திரமூர்த்தி உடனே வைத்துவிடுவானே என்று கரையைப் பார்த்தார்.

மந்திரமூர்த்தி வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆனால் பேசவில்லை. வழக்கமாக ஆடுகிற கை இன்று துண்டைப் பிடித்து வாயில் அமுக்கியிருந்தது. தோள் குலுங்கியது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொம்பையாவுக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய சங்கதி. ஆனால் தனக்கு வர வேண்டியதை எவனோ வந்து பிடுங்கிக்கொண்டான் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. 'அவன் பேசுவான், இனி அவன்தான் பேசுவான், எனக்கு இங்கே என்ன இருக்கு' என்று நெஞ்சு காந்தியது. அதற்கு அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. 'இத்தனை நாளா வாயத் தெறக்காம இருந்துட்டியேலே' என்று அப்பன் கேட்காமலா இருப்பான்? 'நான் எங்கப்பா கூப்பிட்டேன், இன்னைக்குத்தான பண்ணுதேன்' என்று மகன் சொல்லாமலா இருப்பான்?

மந்திரமூர்த்தியின் வாயிலிருந்து துண்டு இறங்கியது. செல் காதிலேயே இருக்க, அவன் பைய மார்க்கெட் பக்கம் திரும்பினான். கரையில் நின்று அவன் இப்படித் திரும்பி கொம்பையா பார்த்ததே இல்லை. கண் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, பூட்டாமல் கிடந்த கொம்பையாவின் கடையில் கொஞ்சம் நின்று, தெருமுனைக்கு வந்தது.

ரிசீவரை மாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். கை வரவில்லை. சுல்தான் பாக்கு மடிப்பதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்.

"அலோ" என்றார் கொம்பையா, அந்தப் போனில் முதல் தடவையாக. செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார். "அலோ, ஆமா, கொம்பையாதான் பேசுதேன். சொல்லுங்க, எத்தனை கட்டு வேணும்?"

காதுக்குள் எங்கேஜ்டு சத்தம் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதற்குத் தலையாட்டி, "சரி, சரி" என்றார்.