குப்பை தெரிகிற டப்பா

“கை வலிக்குதுன்னுதானே வந்தோம்? லேசா இருக்கிறதைக் காட்டினா வேணாங்கிற. சத்தம் வராததைக் காட்டினா அதுவும் வேணாங்கிற. உனக்கு என்னதான் வேணும்?”

“உள்ள விழுற குப்பை வெளிய தெரியணும்.”

“குப்பையைப் பார்த்து என்ன பண்ணப் போற? போட்டோ புடிச்சு மாட்டப் போறியா?”

“மாட்டினா உங்களுக்கென்ன?”

சலவை மெஷின் வரிசைக்கும் இஸ்திரிப்பெட்டி வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டு, எங்கள் மூன்றாவது மாடித் தையற்காரியும் அவள் வீட்டுக்காரரான பஸ் டிரைவரும் கடையே திரும்பிப் பார்க்கும்படி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பல்பு வாங்கப் போயிருந்தேன். பல்பு கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக் குரல் மேலே கேட்கும்போது பல்புக்கு அப்படி என்ன அவசரம்?

ஒயர் இல்லாத வாக்குவம் கிளீனர் மூன்றைக் கம்பு கம்பாக நிறுத்திவைத்திருந்தார் விற்பனைக்காரர். முதலாவது ஒடிசலாக, இறகு மாதிரி. சின்ன ஃபிளாட்டுக்கு இதுவே போதும் என்று அவர் தலைதலையாக அடித்துக்கொள்ளாத குறை. ஒரு கையால் தூக்கலாம், கட்டிலுக்கு அடியில் போகும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் வீட்டை இரண்டு சுற்று சுற்றி வரும், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கிவிடும், கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் அதன் டப்பா கறுப்பு. இரண்டாவதில் டப்பாவே இல்லை. குப்பை ஒரு காகிதப் பைக்குள் போய்விடும், பையோடு தூக்கி எறியலாம். இருமல்காரர்களுக்கு நல்லது என்றார். தையற்காரிக்கு இருமல் உண்டு. இருந்தும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது கனம். உலக்கைக்குப் பிடி போட்ட மாதிரி. தூக்கிப் பார்த்தபோது அவள் மணிக்கட்டு நடுங்கியது. நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிற கை அது. ஆனால் டப்பா கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. போதாததற்கு, தரையில் படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்க முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு.

“இது கார்ப்பெட்ல இழுக்குமா?” என்றாள்.

கார்ப்பெட்டுக்கென்றே செய்தது என்றார் விற்பனைக்காரர். நம் வீட்டில் கார்ப்பெட் எங்கே இருக்கிறது என்று டிரைவர் கேட்டார். அவள் அதைக் காதில் வாங்காமல், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்று விற்பனைக்காரரிடம் விசாரித்தாள். பெட்டி கிழியாமல் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்களாம்.

டிரைவருக்குத் தெருக்கோடியில் திரும்புகிற சைக்கிள்கூடத் தெரியும். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியின் மனசுக்குள் என்ன திரும்புகிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் கார்ப்பெட் விரித்த வீடு ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவது மாடி, சாக்ஸம்மா வீடு.

சாக்ஸம்மா டிரைவரின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் போனபிறகு ஒரே மகனோடு இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் ஒரு கூடை நிறைய வெள்ளை சாக்ஸ் இருக்கும். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றி, கூடையிலிருந்து ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர்கூட அங்கே பூனைபோல வெள்ளைக் காலோடு நடப்பார். அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போதும் கைப்பையில் ஒரு ஜோடி போகும். திரும்பும்போது உள்ளங்காலைப் பார்த்து அந்த வீட்டுக்கு மார்க் போடுவார். எனக்குப் போட்ட மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.

போன வருஷம் தையற்காரியின் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அக்கா வீட்டிலேயே வளர்ந்த பெண், கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப்போய்த் தேதி பார்க்கிற அளவுக்கு வந்தாயிற்று. அந்த நேரத்தில் டிரைவரின் அக்கா என்ற உரிமையில் சாக்ஸம்மா வந்தார். கூடத்தை ஒரு நடை நடந்தார். வந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டு, உள்ளங்காலை அவர்கள் பக்கம் திருப்பினார். சிவப்பு நூல், நீல நூல், சாக்பீஸ் பொடி, துணிப்பஞ்சு. ஒரு தையற்கடையே அவர் காலில் ஒட்டியிருந்தது.

“என் தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரி. வீட்டைப் பார்க்கத்தான் நேரமில்ல. தங்கச்சியும் இதுக்குள்ளதான் வளர்ந்தா, பாவம்” என்றார், தேனாக.

போனவர்கள் போன் செய்யவில்லை. தங்கை அழவும் இல்லை. காலையும் மாலையும் கூட்டித் தள்ளினாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் பேசுவதையும் விட்டுவிட்டாள். தையற்காரி தன் அண்ணியான சாக்ஸம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணி துணி கொடுத்தால் தைத்தாள், கூப்பிட்டால் போனாள். அவள் மறந்துவிட்டாள் என்று ஐந்தாவது மாடி நினைத்தது. மூன்றாவது மாடியில் இருக்கிற நான் அப்படி நினைக்கவில்லை.

கனமான அந்த மெஷினையே வாங்கிக்கொண்டு கடையிலிருந்து திரும்பும்போது டிரைவரை முன்னால் போகவிட்டு, என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். சாக்ஸம்மாவிடம் ஒயர் வைத்த பழைய பெரிய வாக்குவம் ஒன்று உண்டு. தினமும் காலையில் அது ஊளையிடுவது கட்டடம் முழுக்கக் கேட்கும். அதற்கு ஓர் உறை தைக்கச் சொல்லியிருந்தார். அளவெடுக்கும்போது இவள் பின்பக்கப் பையை அமுக்கிப் பார்த்தாளாம். திண்டு மாதிரி கல்லாக இருந்ததாம். சாக்ஸம்மாவுக்குக் குப்பையைக் கையால் தொடுவது ஆகாது. அதனால் அந்தப் பையை அவர் மாற்றியதே இல்லை. மெஷின் வருஷக்கணக்காகச் சும்மா கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இழுத்தது ஒன்றுமில்லை. தூசி எல்லாம் கார்ப்பெட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

“இப்ப அவங்க மகனுக்குப் பேசறாங்கக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி அந்த டப்பா ரொம்பணும். என் தங்கச்சிக்கு நின்ன மாதிரி அங்கயும் நிக்கணும்” என்றாள்.

நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் விடுமுறை நாட்களில் வேறு என்னதான் நடக்கிறது?

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போனாள். புதிதாக வாங்கியிருக்கிறோம், நல்லதா கெட்டதா என்று சுத்தம் தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும், உங்கள் கார்ப்பெட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று பணிவாகக் கேட்டிருக்கிறாள். நூல் குப்பைக்காரிக்கு இத்தனை பெரிய மெஷினா என்று சாக்ஸம்மா ஒரு சிரிப்புச் சிரித்தாராம்.

“ஞாயித்துக்கிழமை கொண்டு வா. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அவங்க முன்னாடியே ஓட்டு. டப்பா காலியாத்தான் இருக்கும், அதை அவங்களும் பார்க்கட்டும்” என்றாராம்.

“தேதியைக்கூட நான் கேக்கலக்கா, அவங்களே குறிச்சுக் குடுத்தாங்க” என்று லிஃப்டில் இறங்கி வந்தவள் என்னிடம் சொன்னாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் பற்றாது என்று என் வீட்டு நாற்காலி இரண்டைக் கேட்டு அனுப்பியிருந்தார் சாக்ஸம்மா. நாற்காலி போன இடத்துக்கு நானும் போனேன்.

பெண்ணின் அம்மா பேக்கரி நடத்துகிறவர். வாட்டசாட்டமான ஆள், கை நிறைய அடுப்புச் சூட்டுத் தழும்பு. கூடவே வாய் திறக்காத அப்பா. பெண் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறவள். மகனும் அவளும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் ஆமாம் போட வேண்டியதுதான் பாக்கி. எல்லோரும் வெள்ளை சாக்ஸோடு, கார்ப்பெட்டைச் சுற்றிக் கும்பிடப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பேக்கரிக்காரம்மா தனக்குக் கொடுத்த காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தினால் என்ன ஆகும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

சாக்ஸம்மாவே ஆரம்பித்துவைத்தார். தம்பி பெண்டாட்டி ஏதோ மெஷின் வாங்கியிருக்கிறாள், அதைச் சோதித்துப் பார்க்கக் குப்பையே இல்லாத என் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கள் கூத்தை என்றார். தையற்காரி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பச்சை விளக்கைப் போட்டாள்.

கார்ப்பெட் ஓரத்துத் தரையில் அந்த வெளிச்சம் பட்டதும், மாவு சலித்துவிட்ட மாதிரி ஒரு படலம் தெரிந்தது. டிரைவர் இருமினார். தையற்காரி மெஷினைக் கார்ப்பெட்மேல் ஏற்றினாள். ஒரு இழுப்பு, மறு இழுப்பு. டப்பாவுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ சுழன்றது. சோபா அருகே போகும்போது அது கம்பளி போலத் திரண்டது. ஜன்னல் வரை போய்த் திரும்புவதற்குள் மூடி வரைக்கும் வந்துவிட்டது. மெஷின் திணறி நின்றது. மகன் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பழைய மெஷினின் பையை மாற்று மாற்று என்று தான் எத்தனையோ தடவை சொன்னதாக முணுமுணுத்தான். சாக்ஸம்மா அசையவில்லை. காலை மட்டும் மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

தையற்காரி திரையை விலக்கினாள். டப்பாவைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வலிக்கிற கைதான். அன்றைக்கு நடுங்கவில்லை.

“என் வீட்ல உங்க சாக்ஸ்ல ஒட்டினது நூலு, அண்ணி. உக்காந்து தைச்ச நூலு. இது என்னன்னு நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க.”

வாய் திறக்காத அப்பா தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்பவும் பத்திரமாகக் கீழே வைத்தார்.

பேக்கரிக்காரம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறார் என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பாடா. தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் இருந்தோம். வாசல்ல கையில சாக்ஸைக் குடுத்தீங்க பாருங்க, அப்பவே இவரைக் கிள்ளிட்டேன். என் பொண்ணு ரெண்டு பூனையோட ஒரே போர்வைக்குள்ள தூங்கறவ. இந்த வீட்ல எப்படி மூச்சு விடுவான்னு பயந்துட்டே உக்காந்திருந்தேன். பரவால்ல, இதுவும் மனுஷங்க இருக்கிற வீடுதான்.”

இதற்கு என்ன பதில் சொல்வது? சுத்தமான வீடு என்று வாதாடினால் சம்பந்தம் போய்விடும். ஒப்புக்கொண்டால் சாக்ஸம்மா என்ற பெயரே போய்விடும். மகன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். சாக்ஸம்மா நாற்காலிக்கு அடியில் இருந்த காலை வெளியே நீட்டினார்.

“ஆமா, நாங்களும் மனுஷங்கதான்” என்றார்.

அங்கேயே தேதி குறித்தார்கள். தையற்காரி நிறைந்த டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். கல்யாணத்தை நடத்திவைத்த புண்ணியவதி என்று பேக்கரிக்காரம்மா அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். அவள் முகம் போன போக்கை நான் யாருக்கும் விவரிக்க முடியாது. முயன்றிருக்கிறேன்.

லிஃப்டில் இறங்கும்போது மெஷின்மேல் சாய்ந்துகொண்டு, கெடுக்கப் போய்த் தன் கையாலேயே முடித்துவைத்துவிட்டோமே என்று பொருமினாள். தன் தங்கையைப் பார்க்க வந்தவர்களுக்கு நூல் கண்ணில் பட்டது, இவர்களுக்கு மூட்டைத் தூசியும் படவில்லையே என்றாள். நான் ஆறுதல் சொல்லத் தொடங்கியபோது சட்டென்று நிமிர்ந்தாள்.

“பூனை எத்தனைன்னு சொன்னாங்க?”

“ரெண்டு.”

“முடி நீளமாக்கா?”

மெஷினை அவள் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. துடைத்து, கிழியாத அதே பெட்டியில் போட்டு, கல்யாணப் பரிசாக ஐந்தாவது மாடிக்கு அனுப்பினாள். மருமகள் தையற்காரியின் அன்பை மெச்சி, கூடத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினாள். பூனைகள் இரண்டும் பஞ்சு மூட்டைகள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. எந்த நிற சாக்ஸ் போட்டாலும் ஏதாவது ஒன்றின் முடி தெரியும். மருமகளுக்கு வேலை முடிந்து வந்தால் ஒரு தடவை ஓட்டத்தான் தெம்பிருக்கும், டப்பாவைக் காலி செய்ய இருக்காது. சாக்ஸம்மாவுக்குக் குப்பையைத் தொட ஆகாது. ஆக அது நிறைந்தபடியே சுவரில் தொங்கும். அவர் சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே. வாசல் கூடையில் இப்போது வெள்ளைப் பூனை குட்டி போட்டிருக்கிறது.

தங்கை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். டப்பா கதையைக் கேட்ட அன்று சாப்பாட்டு மேசையில் புரையேறும்வரை சிரித்தாளாம். அதற்குப் பிறகு பேச்சு திரும்பிவிட்டது. எங்கள் லிஃப்ட் மாட்டிக்கொண்டபோது பழுது பார்க்க வந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கிரீஸ் படிந்த பூட்ஸோடு அவன் முதன்முதலாக வீட்டுக்குள் வந்தபோது, துடைக்காதே, அப்படியே வா என்று தையற்காரியே சொன்னாள். நான் கதவைத் திறந்துவைத்திருந்ததால் கேட்டது.

தங்கை போனதும் அந்த அறை காலியாயிற்று. பூனை முடியால் தும்மித் தும்மி மூக்கு சிவந்த சாக்ஸம்மா, ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு இறங்கி வந்தார். டிரைவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். தையற்காரி வாசலிலேயே நிறுத்தி, புத்தம்புதுக் கறுப்பு சாக்ஸ் ஒரு ஜோடியை நீட்டினாள்.

“உள்ள நூல் கிடக்கும், அண்ணி.”

அவர் மாட்டிக்கொண்டார்.

பிறகு தையற்காரி அதே கடைக்குப் போய், விற்பனைக்காரர் முதலில் காட்டிய ஒடிசல் மெஷினையே வாங்கி வந்தாள். கைக்கு லேசு, சத்தமில்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. டப்பா கறுப்பு. காலி செய்வது அவள்தான், அதுவும் அண்ணி குளிக்கப் போகிற சமயம் பார்த்து. தினமும் காலையில் அவள் வீட்டை ஒரு சுற்று ஓட்டி முடித்ததும், எவ்வளவு விழுந்தது என்று சாக்ஸம்மா கேட்பது என் வாசலுக்குக் கேட்கும்.

“தெரியலையே அண்ணி” என்பாள் தையற்காரி.