மாலை விசாரணை

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, குத்துக்கல்வலசைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் தொடங்கியது. ஏட்டு சுபாஷ் முன்வரிசையில் உட்கார்ந்தான். மத்தியானம் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. காக்கியிலேயே வந்திருந்தான்.

பள்ளி திறந்தபோது அகிலாண்டேஸ்வரி டீச்சர் பெற்றோரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். சாயங்காலம் பிள்ளையிடம், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், பேச விடுங்கள். நாலாவது படிக்கும் மகள் அனுசியா தன்னிடம் வாயே திறப்பதில்லை என்ற குறை சுபாஷுக்கு உண்டு. எப்படியாவது பேசிவிட மாட்டாளா என்று, சீசன் அலைச்சலிலும் ஒருநாள் விடாமல் கேட்டான்.

"வீட்டுல எப்படிப் பேசிக்கிடுதீங்கன்னு நடிச்சுக் காட்டுங்க பாப்போம்," என்றார் டீச்சர் பிள்ளைகளிடம்.

அனுசியாவுக்கு அப்பா வேஷம். பக்கத்து வீட்டு மீனாவுக்கு மகள் வேஷம்.

அனுசியா நாற்காலியில் கால்மேல் கால் போட்டாள்.

"ஏட்டி, நேரா நில்லு. கையைக் கட்டு. முதல் பீரியட் என்ன?"

"கணக்கு."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"கோமதி."

"நேத்து வேற பேரு சொன்னே? மறுபடி முதல்ல இருந்து சொல்லு. பக்கத்து வீட்டுப் பிள்ளைய விசாரிச்சாச்சு, தெரியும்லா?"

மீனா கண்ணைக் கசக்கி அழுதாள். வகுப்பே சிரித்தது.

"ஏட்டையா வீட்டுல தெனமும் எஃப்ஐஆர் போல!" என்றார் பின்னாலிருந்து ஞானதுரை அண்ணாச்சி.

சுபாஷும் சிரித்தான். பிறகுதான் மகளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளிறியிருந்தது.

அவள் நடித்துக் காட்டிய சொல் அவனுடையது. குரல்கூட அவனுடையது. ஸ்டேஷனில் இப்படிப் பார்ப்பவர்களை அவனுக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள்.

டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். தன்னை ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

வெளியே சாரல். பைக்கின் பக்கத்தில் அனுசியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேள்வியாக இல்லாத ஒரு பேச்சு அவனுக்கு வாயில் வரவில்லை.

"வா, பன்னு வாங்கித் தாரேன்."

அதுவும் உத்தரவு மாதிரியே விழுந்தது. குனிந்து அவள் கைகளைப் பிரித்துவிட்டான். பிரித்ததும் மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அப்பா, மீனா மேல தப்பு இல்ல. நாந்தான் அழச் சொன்னேன். அவளக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டீங்கல்லா?"