அல்வாக் கிதாபின் மேல் ஒரு சத்தியம்

பொய் சொல்வதில் ஷரீஃபுதீன் அப்படியொன்றும் கைதேர்ந்தவர் அல்ல. மளிகைக் கடைக்காரர் என்ற அளவுக்குத்தான். புளி புதுசு என்பார், பருப்பில் கல் கிடையாது என்பார். காஜா பெராங் சாலையில் கடை போட்டவர்கள் எல்லோரும் சொல்வதுதான். வாங்குகிறவர்கள் அதை நம்பியதும் இல்லை, நம்ப வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் அன்று காலை அஞ்சலை கடைவாசலில் வந்து நின்று, "நானா, எங்க சங்கிலியக் குடுங்க" என்று கேட்டபோது அவர் சொன்னது வேறு ரகம்.

"சங்கிலியா? அத உன் புருஷன் ரயிலேறுற அன்னிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டானே. உன்கிட்ட சொல்லலியா?"

சொல்லியிருக்க முடியாது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. சங்கிலி அந்த நிமிடத்தில் கடைக்குள், உப்புச் சாடிக்கு அடியில் ஒரு துணி முடிச்சில் பத்திரமாக இருந்தது.

அஞ்சலையின் புருஷன் நல்லையா மாட்டுவண்டிக்காரன். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், நல்ல கூலி, நல்ல சோறு என்று, ஊரைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜப்பான்காரர்கள் சொன்னார்கள். ஆசைப்பட்டுப் போனவர்கள் கொஞ்சம், பிடித்து ஏற்றப்பட்டவர்கள் மீதி. நல்லையா எந்த வகை என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியாது. போவதற்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடைக்கு வந்தார்கள். அஞ்சலை தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, அது கோத்திருந்த சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். அத்தாப்பு ஓலைக் குடிசையில் தனியாக இருக்கப்போகிற பொம்பளை, கழுத்தில் தங்கத்தோடு எப்படித் தூங்குவாள்? சங்கிலியின் கொக்கி எப்போதோ உடைந்துபோய், நல்லையா வண்டி விளக்கில் இருந்த செம்புக் கம்பியைப் பிய்த்து முறுக்கிக் கட்டியிருந்தான். பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

"அமானிதமா வச்சுக்கங்க நானா" என்றான். முஸ்லிம் கடைகளோடு பழகிப் பழகி அந்த வார்த்தை அவனுக்கும் வந்திருந்தது. நம்பி ஒப்படைக்கும் பொருள் அமானிதம். அதைத் தின்றவனுக்கு மறுமையில் என்ன கிடைக்கும் என்பதை ஷரீஃபுதீன் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதனால் நல்ல மனதோடுதான் வாங்கி வைத்தார். அது நிஜம். ஆனால் மாதங்கள் போகப்போக ஜப்பான்காரர்கள் அடித்துவிட்ட வாழைமர நோட்டுக்கு மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஜாலான் பெண்டஹாரா தெரு மொத்த வியாபாரிகள், தங்கமாக இருந்தால் உப்பும் துணியும் தருகிறோம், நோட்டு என்றால் உங்களுக்கு ஒரு சலாம் என்று சொல்லிவிட்டார்கள். உப்புச் சாடியின் அடியில் கிடந்த முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவர் மனதில் அவருடையதாகவே ஆகிவிட்டது.

அஞ்சலை அழவில்லை. "அவரு அப்படிப் பண்ண மாட்டாரு" என்று குரலை உயர்த்தினாள். கூட்டம் சேர்ந்தது. கூட்டம் என்றால் மாணிக்கவாசகம் பிள்ளை வராமல் இருப்பாரா?

பிள்ளை கம்போங் செட்டிக்காரர், எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். பெயரில் இருக்கிற தமிழ் அவர் வாயில் கிடையாது. பல தலைமுறையாக அவர்கள் வீட்டில் மலாய்தான். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், சாமி கும்பிட நாலு வார்த்தை, அவ்வளவுதான் மிச்சம். ஜப்பான்காரர்கள் அவரைத் தெருவுக்குப் பொறுப்பாளராக்கிக் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டிருந்தார்கள். தெருவில் தகராறு என்றால் அவர் போய் ஸ்டேஷனில் சொல்லவேண்டும். அங்கே வாதியையும் அடிப்பார்கள், பிரதிவாதியையும் அடிப்பார்கள், சொல்லப்போன பிள்ளைக்கும் ரெண்டு கிடைக்கும். ஆகவே எதையும் தெருவிலேயே முடித்துவிடுவதில் அவருக்கு மிகுந்த அக்கறை இருந்தது.

"செனாங்" என்றார் பிள்ளை. சுலபம் என்று அர்த்தம். "பெகாங் கித்தாப். சும்பா. ஹபிஸ்."

வேதப் புத்தகத்தைத் தொடு, சத்தியம் பண்ணு, தீர்ந்தது. அஞ்சலையும் உடனே ஒப்புக்கொண்டாள். "ஆமா. நானா அவங்க வேதத்துல கை வச்சு சொல்லட்டும். நான் ஒரு பேச்சுப் பேசாமப் போயிடறேன்."

குர்ஆன் மேல் கை வைத்துப் பொய் சொல்ல ஷரீஃபுதீனால் முடியாது. அந்த அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை என்று அவரே தமக்குச் சிபாரிசு செய்துகொள்ளக்கூடியவர். உள்ளே போனார். போகிற வழியில் அடுக்களை அலமாரியில் மஞ்சள் கறையோடு ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது.

அது நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய தகப்பனார் கப்பலில் கொண்டுவந்த அரபுத் தமிழ்ப் புத்தகம். எழுத்து அரபி, வாசித்தால் தமிழ். அந்தக் காலத்தில் நம்மவர்கள் பாட்டு, வைத்தியம், கணக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். இந்தப் புத்தகத்தில் இருந்தது பலகாரம். பேரீச்சம்பழ அல்வா, ரவை அல்வா, வட்டிலப்பம், நடுவில் பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு ரெண்டு கஷாயம். சீனியும் நெய்யும் கண்ணில் படாத அந்த வருடங்களில் அதைத் திறப்பாரே இல்லை.

பச்சைப் பட்டுத்துணி ஒன்றில் அதைச் சுற்றினார். வெளியே கொண்டுவந்து துணியை விரித்ததும் பிள்ளை செருப்பைக் கழற்றினார். அஞ்சலை கைகூப்பினாள். வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்தைப் பார்த்தபின் யாருக்குச் சந்தேகம் வரும்? ஷரீஃபுதீன் அல்வாவின் மேல் வலது கையை வைத்து, நல்லையா தன் கையாலேயே சங்கிலியை வாங்கிக்கொண்டு போனான் என்று கணீரென்று சொன்னார்.

இப்படி ஆகும் என்று அவர் நினைக்கவில்லை: அஞ்சலையின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அவருகிட்டதான் இருக்கு" என்றாள். "நல்லதாப் போச்சு நானா. பசின்னா வித்து சாப்பிடுவாரு. காய்ச்சல்னா மருந்து வாங்குவாரு. வெறுங்கையோட போயிட்டாரேன்னு நான் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, சண்டை போட்டதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஷரீஃபுதீன் பலகாரப் புத்தகமும் கையுமாக உள்ளே திரும்பினால், திரைக்குப் பின்னால் அவர் மனைவி அஸ்மா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஓதும் பலகை. அதன்மேல் விரித்தபடி, வீட்டில் இருக்கிற ஒரே குர்ஆன்.

காலையில் அவள் ஓதுகிற நேரம் அது. அவருக்கு அது எப்படி மறந்துபோனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. திருடனுக்கு அத்தனை ஞாபகம் இருந்தால் போலீஸுக்கு என்ன வேலை?

"இது இங்க எங்கிட்ட இருக்கு" என்றாள் அஸ்மா. "அங்க எதுல கை வச்சீங்க?"

"நீ ஓதிக்கிட்டிருந்தே. தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"சங்கிலி எங்க இருக்கு?"

புருஷன் சத்தியத்துக்கு எந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தான் என்பதே அவளுக்குப் போதுமான பதில்.

"இந்தா பாரு அஸ்மா. நான் குர்ஆனைத் தொடல. அது சத்தியமே இல்ல."

"ஏங்க, அல்லா என்ன அட்டையைப் பாத்துட்டா காது கொடுப்பான்? குர்ஆன்மேல சொன்னா கேக்கும், அல்வாமேல சொன்னா கேக்காதா?" அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவருக்குச் சங்கடம். "நான் தெனமும் ஓதுறேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. அந்தப் பலகாரக் கிதாபு எழுத்துக்கு எழுத்து எனக்கும் உங்களுக்கும் விளங்கும். விளங்காததுக்குப் பயப்படுறீங்க. விளங்குறதுக்குப் பயமே இல்ல, என்ன?"

அவருக்கு மகா கோபம் வந்தது. நியாயம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது வருகிற கோபம். பெண்பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே கடைக்குப் போனார். அன்றிலிருந்து அஸ்மா அவரோடு தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அவித்த மரவள்ளியைத் தட்டில் வைப்பாள், போய்விடுவாள்.

தெருவோ வேறு மாதிரிப் போனது. பிள்ளைக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போகாமலே ஒரு வழக்கு தீர்ந்துவிட்டதே! அடுத்து யாரோ ஒருவரின் வாத்தைக் காணோம். சந்தேகப்பட்டவனை நேராக ஷரீஃபுதீன் கடைக்கே இழுத்துக்கொண்டு வந்தார். பச்சைத்துணியை அவிழ்ப்பதற்குள் அந்த ஆள் வாத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுவரை சொல்லிவிட்டான். பிறகு மரவள்ளித் தோட்ட எல்லைத் தகராறு. அதற்கடுத்து ஒரு மாப்பிள்ளையின் குடிப்பழக்கம். செட்டிகள் வந்தார்கள், தமிழர்கள் வந்தார்கள், ஒரு சீனக் கிழவர்கூட வந்து தூர நின்று கும்பிட்டுவிட்டு உண்மையைக் கக்கினார். ஜப்பான்காரனின் தடிக்கு வராத உண்மையெல்லாம் ரவை அல்வாவுக்கு வந்தது. அந்தப் புத்தகத்தைத் தொட்டுப் பொய் சொன்ன ஆள் காஜா பெராங்கில் ஒருவர்தான். அவர்தான் அதைத் துடைத்து, சுற்றி, பயபக்தியோடு உள்ளே எடுத்து வைப்பார்.

அஞ்சலை மட்டும் எந்த வழக்கும் இல்லாமலே வந்தாள். தோட்டத்தில் பூத்த செம்பருத்தியை இலையில் வைத்து, "வேதத்துக்கு வச்சிடுங்க நானா" என்பாள். எங்கள் வேதத்துக்குப் பூ வைக்கிற வழக்கமில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். அல்வாவுக்கு வைப்பதில் மார்க்கத் தடை ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அவள் இளைத்துக்கொண்டே வந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே வந்தாள். "சங்கிலி இருக்குல்ல, அவரு சமாளிச்சுக்குவாரு" என்று யாரிடமும் சொல்வாள்.

அப்புறம் சயாமிலிருந்து ஒருவன் தப்பி வந்தான். குருபோங் பக்கத்து ஆள். காலில் புண், கண்ணில் ஒன்றுமில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னான். பேதி வந்தால் உயிரோடு இருக்கும்போதே குழிப்பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். நல்லையாவைப் பார்த்தாயா என்று யாரோ கேட்டார்கள். யாரை என்று பார்ப்பது, எல்லாரும் எலும்புக்கூடுதானே என்றான்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைகுனிந்தார்கள். அஞ்சலை மட்டும் கலங்கவில்லை. "காசு இல்லாதவங்களுக்குத்தான் அந்தக் கதி" என்றாள். "எங்க ஆளுகிட்ட தங்கம் இருக்கு." சொல்லிவிட்டு ஷரீஃபுதீனைப் பார்த்துச் சிரித்தாள், சாட்சிக்கு அழைக்கிற மாதிரி.

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. நரகத்தைப் பற்றிப் பள்ளிவாசலில் கேட்டதெல்லாம் செய்யாததை அது செய்தது. அன்று மாலையே உப்புச் சாடியை நகர்த்தி முடிச்சை எடுத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போனார். அஸ்மா வாசலில் நின்று பார்த்தாள்.

அஞ்சலை மரவள்ளித் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அவர் முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.

"நான் பொய் சொன்னேன் தங்கச்சி. நல்லையா வரவே இல்ல. இது எங்கிட்டதான் இருந்துச்சு."

அவள் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள். விரல் தானாகக் கொக்கிப் பக்கம் போனது. அங்கே செம்புக் கம்பி இருந்தது. அதை ஒரு தரம் தடவினாள், இன்னொரு தரம் தடவினாள். ஷரீஃபுதீன் அடி வாங்கத் தயாராக நின்றார். உண்மையைச் சொன்னால் அடி வாங்கலாம், அதில் ஒரு நிம்மதி உண்டு.

"இது எங்களுது இல்ல நானா" என்றாள்.

"என்ன சொல்றே? கம்பியைப் பாரு. உன் புருஷன் கட்டுனது."

"கம்பி யாரும் கட்டுவாங்க. எங்க சங்கிலி அவருகிட்ட இருக்கு. நீங்க வேதத்துல கை வச்சு சொன்னீங்கல்ல?"

"அது வேதம் இல்ல அஞ்சலை! பலகாரப் புத்தகம். அல்வா கிண்டுறது எப்படின்னு எழுதியிருக்கு. அல்லா மேல ஆணையா சொல்றேன்!"

"வேதத்தப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்றாள். இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "எங்கண்ணால பாத்தேன். ஊரே பாத்துச்சு. வாத்துத் திருடுனவன்கூட அதுக்கு முன்னால பொய் சொல்லல. நீங்க மட்டும் சொல்லுவீங்களா? எம்மேல எரக்கப்பட்டு யாருதையோ கொண்டாந்து குடுக்குறீங்க. எனக்கு வேணாம்."

அவள் சங்கிலியைத் துணியில் வைத்து, முன்பு இருந்ததைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டாள். அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"யாருதோ அவங்க வந்து கேட்டா குடுத்துடுங்க" என்றாள். குரல் அடியோடு உடைந்திருந்தது. "அதுவரைக்கும் அமானிதமா வச்சிருங்க நானா."

அவர் திரும்பி நடந்தார். பின்னால் கத்தி மறுபடி மரவள்ளியைச் சீவுகிற சத்தம் கேட்டது. இரண்டு எட்டு வைப்பதற்குள் அது நின்றுபோனது. அவருக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

வீட்டில் அஸ்மா கேட்டாள்: "குடுத்தீங்களா?"

அவர் கையை விரித்தார். அவள் முடிச்சைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பேச்சில்லாத அந்தப் பல வாரங்களுக்குப் பிறகு அன்று அவள் அஞ்சலைக்காகவும் அழுதாள், அவருக்காகவும் அழுதாள்.

கடைவாசலில் பிள்ளையின் குரல் கேட்டது. யாரோ இருவரைக் கூட்டி வந்திருந்தார். கோழியோ வேலியோ, ஏதோ ஒன்று. "ஷரீஃப்! கித்தாப்!" என்று கூப்பிட்டார்.

ஷரீஃபுதீன் அடுக்களைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். பச்சைத்துணிப் பொதியும் அதன்மேல் காலையில் வைத்த செம்பருத்தியும் இருந்தன. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு கிணற்றடிக்குப் போய், குர்ஆனைத் தொடப்போகிறவர் மாதிரி, கையும் முகமும் காலும் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, அதை எடுத்தார்.