கொரகொரக்கிற சனிக்கிழமை

மழைதான் என்று எழுந்து கொடித்துணியை எடுக்கப் போனேன், வாசலில் வெயில் காய்கிறது, அப்போதுதான் அது கைதட்டு என்று பிடிபட்டது, கேசட்டுக்குள் ஒரு கூட்டம் தட்டுகிறது, தட்டித் தட்டித் தகரத்தில் விழும் தூறலாகத் தேய்கிறது, அதற்குள்ளிருந்து ஒரு கிளாரினெட் எழும்புகிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி, உக்காருங்க அங்கிள், மழை இல்ல, என்கிறாள் நோரீன், கிளேட்டனின் மகள், ஒன்பது வயசில் அப்பா அம்மாவோடு ஆஸ்திரேலியா போனவள், இப்போது தலை நரைத்து என் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள், இது டாடிதானா, சொல்லுங்க, மம்மி அங்க ஆஸ்பத்திரியில இருக்கு, யாரையும் தெரியல, டாடி கிளாரினெட் மட்டும் வேணும்னு கேக்குது, அங்க போய் டாடி வாசிக்கவே இல்ல, செத்துப்போச்சு, இருக்கிறது இந்த ஒரு கேசட்டுதான், வேற யாரோ வாசிச்சதைக் கொண்டுபோய் மம்மி காதுல வைக்க முடியாது அங்கிள்.

கொர்ரென்று ஓடுகிறது நாடா, என் காதிலும் அதே கொர்ரு, எது டேப்பின் இரைச்சல் எது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை, அத்தனை வருஷம் ரயில்வே பட்டறையின் பாய்லர் ஷாப்பில், நான் பாய்லர் வயிற்றுக்குள் முதுகை மடக்கிக்கொண்டு ரிவிட் ஆணியை இரும்புக்கட்டையால் அழுத்திப் பிடித்திருப்பேன், வெளியே கிளேட்டன் சம்மட்டி அடிப்பான், ஆங்கிலோ இந்தியன், சட்டைக்காரன் என்றாலும் கரி எல்லோருக்கும் ஒரே கரிதான், அடி நின்ற பிறகும் தலைக்குள் அடி நிற்காது, வீட்டில் பெண்டாட்டி கூப்பிடுவது வெறும் வாயசைவாகத் தெரியும், கோயில் நாயனத்தில் பாதி எனக்கு வந்து சேராது, இந்தக் கேசட்டு மட்டும் குறையில்லாமல் கேட்கிறது, இதுவும் ஓட்டை நானும் ஓட்டை, எப்படியோ பொருந்திவிட்டது, உன் காதை ரிவிட் அடிச்சு மூடிட்டாங்க மேன், அதான் என் வாசிப்பு உனக்கு இனிக்குது, என்று கிளேட்டன் சிரிப்பான், சிரிக்கிறான், முதலில் எனக்கு இந்த ஜாஸ் சண்டையாகத்தான் கேட்டது, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்களே என்று, பிறகு ஒரு நாள் பிடிபட்டது, உலையிலிருந்து பழுத்த ரிவிட்டை ஒருவன் இடுக்கியால் வீசுவான், இன்னொருவன் வாளியில் பிடிப்பான், அதே சங்கதி, டிரம்பெட் வீசுகிறது, கிளாரினெட் பிடிக்கிறது, பிடித்து விளையாட்டுக் காட்டித் திருப்பி வீசுகிறது, கீழே விழுந்தால் யாருக்காவது கால் வெந்துவிடும், விழவில்லை, இத்தனை வருஷத்தில் இந்த நாடாவில் ஒரு தரமும் விழவில்லை.

இதைப் பதிந்த அந்தச் சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலுக்கு டேப் மெஷினைத் தோளில் சுமந்து வந்தவன் நான், அந்த மெஷினோடு என்னைச் சமையற்கட்டுக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள், மேடையில் வெள்ளைக் கோட்டில் கிளேட்டன், கன்னம் உப்பி, கண்மூடி வாசிக்கிறான், அது நிச்சயம், நிச்சயமாக இருக்கும்போதே என் பக்கத்தில் கதவில் சாய்ந்து நிற்பதும் கிளேட்டன்தான், உதட்டில் பொறி தெறித்த கொப்புளம், இன்னிக்கு எனக்குப் பதிலா ஆப்ரே வாசிக்கிறான் மேன், நாசம் பண்றான் பாரு, என்று என் விலாவில் இடிக்கிறான், அந்த இடி இப்போதும் வலிக்கிறது, இரண்டு சனிக்கிழமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டனவா, இதில் ஓடுவது எது, குறித்துவைக்க அன்றைக்கு எனக்கு எழுத்து தெரியாது, முதியோர் பள்ளியில் அ ஆ கைக்கு வந்தபோது குறிக்க வேண்டியது தப்பிப் போயிருந்தது, கப்பலுக்குப் புறப்பட்ட அன்று கிளேட்டன் இதை என் கையில் திணித்தான், வச்சுக்க மேன், ஒரே குப்பைச் சத்தம், அங்க போய் நல்ல மெஷின்ல புதுசா எடுத்துக்குவேன்.

ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அங்கிள், என்கிறாள், சொல்லிவிடலாம், ஆனால் கண்டவன் மூச்சை அந்தக் கிழவி காதில் ஊதிவிட்டு நான் எப்படிக் கண்ணை மூடுவது, புத்தி போனாலும் புருஷன் மூச்சு தெரியாதா, இல்லை என்று சொல்லி, இது அவனாகவே இருந்துவிட்டால், தெரியலை பாப்பா, என்று சொல்லியேவிட்டேன், சத்தியமா தெரியலை, மேடையிலயும் இருக்காரு, என் பக்கத்துலயும் நிக்கிறாரு, ஆனா ஹாலை விட்டு எங்கயும் போகலை, வாசிப்புல இல்லன்னா கைதட்டுல இருப்பாரு, ஆப்ரேயைத் திட்டிக்கிட்டே நின்னாலும் கடைசியில பலமாத் தட்டுறது உங்க அப்பாதான்.

அவள் அழுகிறாளோ என்று பார்த்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள், நாடா கீச்சிட்டு ஓடியது, டிரம்பெட்டைத் தாண்டி, கிளாரினெட்டைத் தாண்டி, கைதட்டில் கொண்டுவந்து நிறுத்திக் காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்தாள், திருவிழாவில் தொலைந்த பிள்ளை ஒவ்வொரு சட்டையாக விலக்கிப் பார்ப்பது போல அந்தச் சத்தத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள், எனக்கு வெறும் தூறல்தான், மறுபடி ஓட்டினாள், மறுபடி, அங்கிள், மெஷின் பக்கத்துல ரெண்டு பேர், எல்லாரும் நிறுத்தினப்புறமும் விடாம தட்டுறாங்க, இத மம்மிக்குப் போடுறேன், என்றாள், ஒண்ணு நான், என்றேன், அவள் மற்றதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.